இடது காலுக்கு வேலையில்லை

என்னுடைய இடது கணுக்கால் 1990இல் ஊரில் உடைந்தது. எலும்பு பொருந்தியது, ஆனால் நேராகப் பொருந்தவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அதனோடுதான் நடந்தேன், மாடிப்படி ஏறினேன், கிளச் மிதித்தேன். மூன்று வருடங்களுக்கு முன்பு இங்கே இலண்டனில் சத்திரசிகிச்சை செய்து அந்த மூட்டை அசையாதபடி பூட்டிவிட்டார்கள். வலி போய்விட்டது. பாதத்தை மடக்குகிற வித்தையும் அதனோடு போய்விட்டது. அப்படிப்பட்ட காலால் கிளச்சை உதைத்து மிதிக்கலாம். அரைவாசியில் பிடித்து வைத்திருக்க முடியாது. அரைக் கிளச் பிடிக்கத் தெரியாதவனை எங்கள் ஊரில் சாரதி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வீட்டில் ஓடித்திரிகிற கார் ஒட்டோமற்றிக்தான். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் கராஜில் போர்வை மூடிக் கிடந்த 1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஜி.ரி. பச்சை நிறம், குரோம் பம்பர், நான்கு கியர், அதற்குமேல் ஓவர்டிரைவ்.

"வித்துப்போடுங்கோவன்," என்றா மனைவி. "நிண்டு நிண்டு துருப்பிடிக்கிறதுக்கு ஏன்?"

அவ சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் காரை நான் வாங்கியது வேகத்துக்காக அல்ல. 1991இல் இங்கு வந்து, வந்தவர்கள் பலரையும் போல ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை பார்த்தேன். மழை பெய்த ஓர் இரவில் அப்படியொரு கார் வந்து நின்றது. எஞ்சின் சூடேறிவிட்டது, தண்ணீர் வேண்டும் என்று சாரதி பொனெற்றைத் திறந்தார். நான் கேத்தலோடு போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது எனக்குத் தெரிந்த எஞ்சின். எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும் வாடகைக் கார், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55, அதனுள்ளே நான் சின்ன வயதில் பார்த்துப் பழகிய அதே உருவம்.

அது என் கற்பனை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் 'பி சீரிஸ்' என்று ஒரு எஞ்சின் குடும்பத்தை வைத்திருந்தது. ஏ55இல் இருந்தது அதன் 1489 சிசி பிள்ளை. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வழியாக இந்திய அம்பாசடருக்குள் போய் இருந்ததும் அதுவே. எம்.ஜி.பி.க்குப் போட்டது அதே குடும்பத்தின் 1798 சிசி. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எழுப்பி, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஒஸ்டின்களையும் மொறிஸ்களையும் பார்த்தவனுக்கு, அவற்றின் ஒன்றுவிட்ட அண்ணன் வெள்ளைக்காரனுடைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்திருப்பது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. எட்டு வருடம் காசு சேர்த்து 1999இல் ஒன்றை வாங்கினேன்.

அதனால் விற்க மனம் வரவில்லை. ஒட்டோமற்றிக்காக மாற்றலாமா என்று யோசித்தேன். பழைய கார்க்காரர்கள் கூடும் ஓர் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் அதை வாய்தவறிச் சொல்லியும்விட்டேன். தேநீர்க் கோப்பையோடு நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே, அதைவிடக் காரைக் கொளுத்திவிடலாம் என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. ஏனென்றால் அதற்கு ஒரு வருடம் முன்பு என் மகள் ஒட்டோமற்றிக் காரில் சோதனை எழுதப் போகிறேன் என்றபோது நானும் ஏறக்குறைய அப்படித்தான் சிரித்திருந்தேன். இந்த நாட்டில் ஒட்டோமற்றிக்கில் சோதனை பாஸ் பண்ணினால் மனுவல் கார் ஓட்ட முடியாது. அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தில் 78 என்று ஓர் எண் விழும். "அரைச் சாரதி" என்று அவளைக் கேலி செய்தவன் நான்.

ஆக, எனக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. சரித்திரத்தில் தேடினேன்.

முதலில் அகப்பட்டது எம்.ஜி.யின் சொந்தக் குடும்பக் கதை. 1933இல் வட அயர்லாந்தின் ஆட்ஸ் வீதிச்சுற்றில் நடந்த ரூறிஸ்ட் டிரொபி பந்தயத்தை, அக்காலத்தின் மிகப் பெரிய பந்தய வீரர் என்று பலர் கருதும் இத்தாலியர் தாசியோ நுவோலாரி ஓர் எம்.ஜி. கே3 காரில் வென்றார். அபிங்டன் தொழிற்சாலை செய்தவற்றில் மிகவும் கொண்டாடப்படும் கார் அது. அதில் இருந்தது சாதாரண கியர்பொக்ஸ் அல்ல. வோல்ரர் கோர்டன் வில்சன் என்ற பொறியியலாளரின் முன்தெரிவுக் கியர்பொக்ஸ். அடுத்து வேண்டிய கியரை ஒரு சின்னத் தடியால் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு வளைவு வரும்போது இடது பெடலை ஒருமுறை மிதித்து விட்டால் போதும், கியர் தானாக மாறிக்கொள்ளும். கையும் காலும் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டிய அந்தப் பழைய கலை அங்கே தேவையே இல்லை. முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவின் முதல் டாங்கிகளை வடிவமைத்தவர்களில் ஒருவர் இந்த வில்சன். கனத்த இயந்திரத்தைக் களைத்த மனிதன் ஓட்டுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இலண்டனின் ஆர்.ரி. வகை இரட்டைத்தட்டு பஸ்களுக்கும் இதே வகைக் கியர்பொக்ஸ்தான். இங்கே ஓடி முடித்த அந்த பஸ்கள் பெருந்தொகையாக இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு விற்கப்பட்டன. கொழும்பில் அந்தச் சிவப்பு பஸ்ஸில் ஏறியவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். நுவோலாரியின் காருக்கும் உங்களுடைய பஸ்ஸுக்கும் கியர்பொக்ஸ் முறையில் ஒரே வம்சம்.

அடுத்தது அமெரிக்கக் கதை. அதில் எனக்குப் பிடித்த ஆள் ஏர்ல் தொம்சன். பழைய கியர்பொக்ஸ்களில் பற்சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழலும் கணத்தைச் சாரதிதான் காதால் பிடிக்க வேண்டும். தவறினால் கறகறவென்று அரையும். எங்கள் ஊர் லொறிக்காரர்கள் 'டபிள் கிளச்' என்று பெருமையாகச் சொல்வது அந்தக் கலையைத்தான். தொம்சன் அதைத் தேவையற்றதாக்கினார். பற்கள் ஒன்றையொன்று தொடுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் அவருடைய கண்டுபிடிப்பு. 1928இல் கடிலாக் கார்களில் வந்தது. இன்று மனுவல் கார் ஓட்டுவது தூய கலை என்று பேசும் அனேகமாக எல்லோரும் தொம்சன் இலகுவாக்கிக் கொடுத்ததைத்தான் ஓட்டுகிறார்கள். லொறி ஓட்டிய எங்கள் பெரியப்பாமாருக்கு அதுவே அரைச் சாரதித்தனமாகத் தெரிந்திருக்கும்.

அதே தொம்சன் பிறகு ஜெனரல் மோட்டர்ஸில் கிளச் பெடலையே எடுத்துவிடும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1939இல் அறிவிக்கப்பட்டு 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்த ஹைட்ரமற்றிக் அதன் விளைவு. கிளச்சின் இடத்தில் அதில் எண்ணெய் இருந்தது. ஒரு மின்விசிறியைப் போட்டுவிட்டு, எதிரே இன்னொரு விசிறியைச் சும்மா பிடித்தால் காற்றுப் பட்டு அதுவும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய், இரண்டு விசிறிகளும் ஒரே மூடிய கலத்துக்குள். இந்த எண்ணத்தின் மூலம் கார் அல்ல, கப்பல். ஜெர்மனியின் ஸ்டெற்றின் நகரத்து வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்பவர், வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியையும் மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியையும் இணைக்க 1905இல் காப்புரிமை பெற்ற வழி அது.

ஹைட்ரமற்றிக்கைச் சோம்பேறிகளின் சாதனம் என்று சொன்னால், இரண்டாம் உலகப் போரில் அது எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்5 இலகு டாங்கியில் இரண்டு கடிலாக் எஞ்சின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ரமற்றிக். குண்டு விழும் இடத்தில் ஓட்டுபவனுக்குக் கியர் மாற்றும் கவலை வேண்டாம் என்று படைக்காரர்களே முடிவெடுத்திருந்தார்கள்.

பிறகு 1953. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் கோர்வெட் அந்த வருடம் பிறந்தது. முதல் வருடத்தில் செய்த 300 கார்களும் வெள்ளை நிறம், சிவப்பு உள்ளமைப்பு. 300இலும் இரண்டே கியர் கொண்ட பவர்கிளைட் ஒட்டோமற்றிக்! மனுவல் கேட்டாலும் கிடைக்காது. ஸ்போர்ட்ஸ் கார்ப் பிரியர்கள் முகம் சுளித்தார்கள், விற்பனை தேய்ந்தது, 1955இல் 700 கார்கள்தான் செய்தார்கள். அந்த வருடம்தான் வி8 எஞ்சினும், ஒரு சில கார்களில் மூன்று கியர் மனுவலும் வந்து அது உயிர் தப்பியது. இதை எனக்குச் சாதகமான சாட்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் கோர்வெட் வம்சத்தின் மூத்த பிள்ளைக்குக் கிளச் பெடல் இல்லை என்பது எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

நான் உண்மையில் தேடிய சாட்சி 1967இல் இருந்தது. ரெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்டில் இருந்து ஜிம் ஹோல் என்பவர் ஷப்பரல் என்ற பந்தயக் கார்களைச் செய்துவந்தார். ஜெனரல் மோட்டர்ஸின் உதவியோடு அவற்றுக்கு ரோர்க் கொன்வேட்டர் பூட்டினார். மேலே சொன்ன எண்ணெய் விசிறிகளின் முன்னேறிய வடிவம் அது. கியரைச் சாரதியே தெரிவு செய்வார், ஆனால் கிளச் பெடல் கிடையாது. முழு ஒட்டோமற்றிக் என்று சொல்வது சரியல்ல, அரை என்று சொல்லலாம். 1965இல் அடைமழையில் செப்ரிங் 12 மணிப் பந்தயத்தை வென்ற கார் இந்த வகை. அடுத்த வருடம் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீற்றரையும் ஒரு ஷப்பரல் வென்றது. 1967 ஜூலையில், என் வீட்டில் இருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கென்ற் மாவட்டத்துப் பிரான்ட்ஸ் ஹச்சில், ஃபில் ஹில்லும் மைக் ஸ்பென்சும் ஓட்டிய ஷப்பரல் 2எஃப் முதலாவதாக வந்தது.

அந்தக் காரின் முதுகில் இரண்டு கம்பங்களுக்கு மேலே ஓர் இறக்கை. வளைவில் அது சரிந்து நின்று காரைத் தரையோடு அமத்தும். நேர்பாதையில் அதைப் படுக்க வைத்தால்தான் காற்று தடுக்காது. அதைப் படுக்கவைக்க ஒரு பெடல். அந்தப் பெடலை மிதிப்பது இடது கால். கிளச் இல்லாததால் சும்மா கிடந்த காலுக்கு ஜிம் ஹோல் இறக்கையைக் கொடுத்திருந்தார். இதை வாசித்த இரவு நான் எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று என் இடது காலைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

2எஃப் அந்த வருடம் பல பந்தயங்களை முடிக்காமல் நின்றதற்கும் பெரும்பாலும் அதே கியர்பொக்ஸ்தான் காரணம். மறைக்க விரும்பவில்லை.

பிரான்ட்ஸ் ஹச்சுக்கு அடுத்த மாதம் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் ஒரு போட்டியைப் போர்ஷ 911ஆர் வென்றது. அதில் ஸ்போர்ற்றோமற்றிக் என்ற, கிளச் பெடல் இல்லாத கியர்பொக்ஸ். அதே வருடம் இலையுதிர்காலத்தில் அபிங்டன் எம்.ஜி.பி.யின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது போர்க்-வோர்னர் 35 என்ற மூன்று கியர் ஒட்டோமற்றிக்கையும் விருப்பத் தெரிவாகக் கொடுத்தது. அதற்கு இடம் வேண்டும் என்பதற்காக இரு ஆசனங்களுக்கும் நடுவில் ஓடும் சுரங்கத்தை அகலமாக்கினார்கள். வாங்கியவர்கள் சிறு தொகை. 1973இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அகலமாக்கிய சுரங்கம் அப்படியே இருந்தது. 1970ஆம் ஆண்டு என் காரிலும் அது இருக்கிறது. இருபது வருடமாக நான் கைவைத்து ஓட்டிய மனுவல் காருக்குள்ளேயே ஒட்டோமற்றிக்குக்கு விட்ட இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. அதன் பிறகு எனக்கு நியாயம் தேவைப்படவில்லை.

வேலையைச் செய்தவர் ஊரில் எங்களுக்கு அடுத்த கிராமத்தில் கராஜ் வைத்திருந்த அண்ணை. மண்ணெண்ணெய்க் காலத்தில் கார்களை உயிரோடு வைத்திருந்தவர்களில் ஒருவர். இப்போது ஓய்வில் இருக்கிறார்.

"செய்யேலும் தம்பி," என்றார். "ஆனா ஒண்டு. ஒரு இடத்திலயும் வெட்டக்கூடாது. நாளைக்கு ஆரும் திருப்பிப் பூட்ட நினைச்சா பூட்டக்கூடியதா இருக்கோணும்."

கியர்பொக்ஸ் கிடைத்த கதை வேடிக்கையானது. தொழிற்சாலை ஒட்டோமற்றிக்காக அனுப்பிய எம்.ஜி.பி.களைப் பலர் பின்னாளில் மனுவலாக மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றிய ஒருவர் கழற்றிய பெட்டியை இருபது வருடமாகத் தட்டில் வைத்திருந்தார். அவர் பாவம் என்று கழற்றியதை நான் பாவம் செய்யப் பூட்டுகிறேன். பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது.

அதைத் திறந்து புதுப்பித்தபோது நான் கூட நின்றேன். நடுவில் சூரியச் சக்கரம், சுற்றிவரக் கோள் சக்கரங்கள், வெளியே வளையச் சக்கரம். எந்தப் பற்சக்கரமும் விலகிப் போய் இன்னொன்றோடு சேர்வதில்லை, எல்லாம் எப்போதும் பல்லோடு பல் கோத்தபடியே இருக்கும். ஒரு பட்டி இறுகி ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் ஒரு கியர், விட்டுவிட்டு இன்னொன்றை நிறுத்தினால் வேறு கியர். வில்சனின் பெட்டியும் இந்தத் தத்துவம்தான். நுவோலாரியின் கே3இல் சாரதியின் கால் செய்த வேலையை இங்கே எண்ணெய் அழுத்தம் செய்கிறது, அவ்வளவுதான்.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாக முன்பக்கத்தால் தூக்கி எடுத்தோம். கனத்த ஃபிளைவீலும் கிளச்சும் போய், மெல்லிய ஓட்டுத்தட்டும் கொன்வேட்டரும் வந்தன. பின்னால் போகும் ஷாஃப்ட்டின் நீளத்தை மூன்று தரம் அளந்தார் அண்ணை. எண்ணெயைக் குளிராக்க ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு சின்னக் குளிரூட்டி வைத்தோம். கியரில் கிடக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சுக்கு வயர் இழுத்தோம். இதெல்லாம் நான்கு வார இறுதிகள். கார்பரேற்றரில் இருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் ஒரு கேபிளைச் சரிசெய்ய மட்டும் இன்னும் மூன்று வார இறுதிகள் போயின. சாரதி எவ்வளவு அமத்துகிறான் என்பதைப் பெட்டிக்குச் சொல்வது அந்தக் கேபிள். நூலளவு தளர்ந்தால் கியர் வழுக்கி மாறும், நூலளவு இறுகினால் உதைக்கும். அண்ணை அழுத்தமானியைப் பூட்டிவிட்டு, கண்ணை மூடிக் காதால் கேட்டுத்தான் சரிசெய்தார். டபிள் கிளச்காரர்களின் காது ஒட்டோமற்றிக்குக்கும் வேண்டியிருக்கிறது.

கடைசியில் கிளச் பெடலைக் கழற்றி என் கையில் தந்தார். ரப்பர் இடப்பக்கம் தேய்ந்திருந்தது. என் வளைந்த கணுக்காலின் தேய்மானம் அது.

பழையபடி இல்லை என்பதையும் எழுத வேண்டும். கார் முன்னைவிட மந்தம். ஓவர்டிரைவ் போய்விட்டதால் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 4000 சுற்றை நெருங்கிச் சத்தம் போடுகிறது. இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றும்போது வரும் அந்த உறுமல், அதற்காகவே சிலவேளை சுற்றுப்பாதையில் போவேன், அது இனி என் கையில் இல்லை. காப்புறுதிக்காரர்களுக்கு மாற்றத்தை அறிவித்தபோது, ஏன் என்று இரண்டு தரம் கேட்டார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியர் முழு அனுமதி தர இன்னும் சில வாரங்கள் இருந்ததால், முதல் ஓட்டம் நான் ஓட்டவில்லை. அந்தக் காரை ஓட்டச் சட்டப்படி உரிமை இருந்தவள் வீட்டில் மகள்தான், 78 என்ற எண்ணோடு. காப்புறுதியில் அவள் பெயரையும் சேர்த்திருந்தேன். பிரான்ட்ஸ் ஹச் பக்கம் போவோம் என்றேன். ஏன் என்று கேட்டாள். ஷப்பரல் கதையைச் சொல்லத் தொடங்கினேன். வேகம் கூடிய இடத்தில், "அப்பா, கொஞ்சம் பேசாம இருங்கோ, எஞ்சின் கேட்கேல்ல," என்றாள். வளைவுகளில் நான் இடப்பக்க ஆசனத்தில் இருந்து வெறும் தரையை மிதித்துக்கொண்டே போனேன். அவள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வார நாட்களில் நானும் ஞாயிறுகளில் அவளும் ஓட்டுகிறோம். பழைய கியர்பொக்ஸ் எண்ணெய்த் துணி சுற்றி மாடிப்படியின் கீழ் கிடக்கிறது. கிளச் பெடல் அதன் மேலே. பேப்பர் கடைச் சாமான் வைக்க இடமில்லை என்று மனைவி நச்சரிக்கிறா. கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இன்னும் கொடுக்கவில்லை.